முன்னால் போனவரும் பின்னால் வந்தவரும்

ஜெபல் அலி
10 நவம்பர் 2024, ஞாயிறு

மதிப்பிற்குரிய பத்மாவதி அம்மா அவர்களுக்கு,

அம்மையப்பன் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

இது நானே எழுதுகிற கடிதம். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். சூடு பண்ணிக்கொள்ளலாம்.

என்னை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஏப்ரலில் இங்கே பெருமழை பெய்ததல்லவா, அன்றைக்கு அபுதாபியிலிருந்து வந்த பஸ் ஜெபல் அலிப் பக்கம் தண்ணீரில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி இடது பக்கம் போனார்கள். நான் வலது பக்கம் போனேன். நீங்கள் சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு என் பின்னால் வந்தீர்கள். முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நடந்து, வந்த இடத்துக்கே திரும்பி வந்தோம். அப்புறம் நிஜாம் என்ற வாட்ச்மேன் பாவம் பார்த்து, சோபா கோடவுன் மாடியில் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் இருந்தோம். அந்த அம்மையப்பன்தான் நான்.

நான் ஏன் வலது பக்கம் போனேன் தெரியுமா? நீங்கள் போர்டைப் பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பி நின்றீர்கள். படித்த அம்மா, தெரிந்துதான் நிற்கிறார்கள் என்று நடந்தேன். பதினோரு வருஷம் இங்கே இருந்தாலும், கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியதைத் தவிர எனக்கு ஒரு தெருவும் தெரியாது.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாடியில் நாற்பது சோபா இருந்தும் நீங்கள் உட்கார மாட்டேன் என்றீர்கள். யாருடைய பொருளோ என்று, "ஆற்றையோ சாமான், நான் தொடமாட்டன்" என்று சாயங்காலம் வரை நின்றீர்கள். கால் வீங்கிவிட்டது. நான் சுவரில் இருந்த இங்கிலீஷ் நோட்டீசைக் காட்டி, "உட்காரலாம்னு போட்டிருக்கும்மா" என்றேன். அதில் என்ன போட்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்போது எனக்குத் தமிழே படிக்கத் தெரியாது.

போகும்போது அட்டையில் விலாசம் எழுதிக் கொடுத்தீர்கள். கீழே தமிழில் இரண்டு வரி. அதை நான் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. ரூமில் வீரபாண்டி என்று ஒருத்தன் இருக்கிறான். அவனிடம் ஆனா ஆவன்னாவிலிருந்து கற்றுக்கொண்டேன். ஆறு மாதம் ஆயிற்று. போன மாதம் அட்டையை எடுத்து நானே படித்தேன். "உங்களுக்கு வாய் அதிகம். ஆனாலும் எழுதினால் பதில் போடுவேன்" என்று இருந்தது. ரூமில் எல்லோருக்கும் அன்றைக்கு என் செலவில் பாயசம்.

இங்கிலீஷ் விலாசத்தைப் படம் வரைவது போலப் பார்த்து வரைந்திருக்கிறேன். வந்து சேர்ந்தால் பதில் போடுங்கள்.

இப்படிக்கு
ச. அம்மையப்பன்
(கையெழுத்து. ரேகை இல்லை.)

•

ஈசா டவுன், பஹ்ரைன்
1 டிசெம்பர் 2024

அன்புள்ள அம்மையப்பன் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கொடுத்தது குதைபியாவில் ஒரு மளிகைக் கடையின் தபால் பெட்டி. வெள்ளிக்கிழமை லீவுக்குப் போகும்போதுதான் எடுப்பேன். கடைக்காரர், "அன்ரி, உங்களுக்குக் கடிதம் வந்திருக்கு" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறப்பேனா? என் பெட்டிக்குள் தண்ணீர் போய், நான் வேலை செய்யும் வீட்டு ஷஹீரா மேடத்துக்குக் கொண்டுபோன கல்யாண இனிப்பெல்லாம் கரைந்துவிட்டது. கல்யாணத்துக்கு அங்கே வந்தபோது, அவர்கள் காரில் இடமில்லை என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் அங்கே வலது பக்கம் திரும்பி நின்றது வழி தெரிந்து அல்ல. காற்று இடது பக்கமிருந்து அடித்தது. முகத்தில் மழை படாமல் திரும்பினேன். அந்த நேரம் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர் விறுவிறென்று நடந்தார். அதிகாரி போலிருக்கிறது என்று பின்னால் வந்தேன். நீங்கள் மழைக்காகப் போட்ட ஜாக்கெட் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"என்ன, எல்லா இடமும் தெரிஞ்ச ஆள் மாதிரிப் போறியள்?" என்று கேட்டேன். "நம்ம ஏரியாம்மா" என்று சொன்னீர்கள். உங்களை நம்பியது என் பிழை.

உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. வரிகள் மட்டும் மலையேறுகின்றன. கோடு போட்ட தாள் வாங்குங்கள். நான் யாழ்ப்பாணத்தில் இரண்டு வருஷம் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தவள், அதனால் சொல்கிறேன். பிறகு தம்பிமாரின் படிப்புக்காக இங்கே வந்து பத்தொன்பது வருஷம்.

அன்புடன்
பத்மாவதி

•

ஜெபல் அலி
5 ஜனவரி 2025

பத்மாவதி அம்மாவுக்கு,

கோடு போட்ட நோட்டு வாங்கிவிட்டேன். பாருங்கள், வரியெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். புளிப் பாக்கெட், தைல டப்பா, காலண்டர். ஆபீசில் டீ கொடுக்கும்போது மேஜையில் கிடந்த தமிழ்ப் பேப்பரைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டேன். மேனேஜர், "அம்மையப்பன், யல்லா!" என்று விரட்டினார். "ஒரு நிமிஷம் சார், கொலைகாரன் யாருன்னு இன்னும் வரலை" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அண்ணை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஊரில் ஐந்து தங்கைகள் இருக்கிறார்கள். போதும். பெயரை மட்டும் எழுதினால் குறைந்துபோக மாட்டேன். என் மனைவி இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் அகிலா திருப்பூரில் நன்றாக இருக்கிறாள்.

அ. (இப்படி ஒரே எழுத்தில் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். நானும் போட்டுப் பார்த்தேன்.)

•

ஈசா டவுன்
2 பெப்ரவரி 2025

அம்மையப்பனுக்கு,

எழுதிவிட்டேன். அண்ணை இல்லாமல் பெயர் மட்டும். அதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம்.

நீங்கள் உங்கள் பொய்யை ஒத்துக்கொண்டீர்கள். நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த நோட்டீசில், "தொடக்கூடாது" என்று பெரிய எழுத்தில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். நீங்கள் தலைகீழாகப் பிடித்த பேப்பரைப் படிப்பவர் மாதிரி நின்றதும், உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது விளங்கிவிட்டது. எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த வீடுகளில் என்னிடம், "அதைச் செய், இதைச் செய்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் உட்கார வேண்டும் என்பதற்காக ஒருவர் சிரமப்பட்டுப் பொய் சொன்னது அன்றைக்குத்தான். பிறகு நீங்கள் நிஜாமின் கேத்தலில் தேத்தண்ணி போட்டு, பேரீச்சம்பழத்தோடு தந்தீர்கள். "எப்படிம்மா இருக்கு?" என்று ஆறுதரம் கேட்டீர்கள். சீனி கூடிவிட்டது. சொல்லவில்லை.

பத்மாவதி

•

அனுப்புநர்: ச. அம்மையப்பன், ஜெபல் அலி
பெறுநர்: திருமதி பத்மாவதி (செல்வி என்று திருத்திக்கொள்ளவும்), ஈசா டவுன்
நாள்: 2 மார்ச் 2025
பொருள்: திருமணம் செய்துகொள்ள இசைவு வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,

மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது. எனது ஒப்பந்தம் வரும் ஏப்ரல் முப்பதாம் தேதியோடு முடிகிறது. வயது அறுபத்திரண்டு ஆனதால் இனிமேல் விசா இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. பெரம்பலூர் பக்கம் என் ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. சமைத்துப் போட ஆள் இல்லை. முட்டிவலி உள்ளது. பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், கவனித்துக்கொள்ளவும் யாரும் இல்லை. மகளும் தூரத்தில் உள்ளாள். ஆகவே தாங்கள் எனது நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, என்னைத் திருமணம் செய்துகொள்ள இசைவு அளிக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள
ச. அம்மையப்பன்

•

ஈசா டவுன்
23 மார்ச் 2025

திரு. அம்மையப்பன் அவர்களுக்கு,

விண்ணப்பம் கிடைத்தது.

இந்த மாதம் எனக்கு வந்த மூன்றாவது விண்ணப்பம் அது. ஊரிலிருந்து தம்பி யோகநாதன் போன் எடுத்தான். "அக்கா, அங்க இருந்தது காணும், வாங்கோ. மாமி படுக்கையில கிடக்கிறா, பார்க்க ஆளில்லை" என்றான். ஷஹீரா மேடத்துக்கு ஜூலையில் அடுத்த குழந்தை. "பத்மா, இரண்டு வருஷம் மட்டும்" என்கிறார். இப்போது உங்களுக்கு முட்டிவலி.

மூன்று பேருக்கும் ஆள் தேவைப்படுகிறது. எனக்கு ஐம்பத்தேழு வயது. அந்த இரண்டு நாளில் நான் ஒருவருக்கும் வேலைக்காரியாக இருக்கவில்லை. அதனால்தான் விலாசம் எழுதித் தந்தேன். உங்களுக்கு அது விளங்கவில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

பத்மாவதி

•

ஜெபல் அலி
13 ஏப்ரல் 2025

பத்மாவதிக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

அந்தக் கடிதம் வீரபாண்டி வைத்திருக்கிற லீவு லெட்டரைப் பார்த்து எழுதியது. எனக்குத் தெரிந்த நல்ல கடிதம் அது ஒன்றுதான். கேம்ப்பில் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்த எல்லோருக்கும் லீவு கிடைத்திருக்கிறது. முக்கியமான ஒன்றைக் கேட்பதென்றால் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "பெரியப்பா, சும்மா ஊருக்குப் போகணும்னு எழுதுனா தர மாட்டான். வீட்ல கஷ்டம்னு எழுதணும். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு நல்லது" என்றான். அதனால் கஷ்டத்தையெல்லாம் தேடிப் பிடித்து எழுதினேன். அவன் அம்மாவுக்கு இதுவரை நான்கு தடவை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, லீவு லெட்டரில். நேற்றுகூட போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். முட்டிவலி ஒரு நாள் வந்தது, போய்விட்டது. மாத்திரையை நானே போடுகிறேன். பதினோரு வருஷமாக என் துணியை நானே துவைக்கிறேன். லீவு நாளில் ரூமில் பன்னிரண்டு பேருக்குச் சாம்பார் வைப்பது நான்தான். வீட்டைப் பெருக்கவும் தெரியும். எனக்கு எதற்கும் ஆள் தேவையில்லை.

நேற்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தேவையே இல்லையென்றால் எதற்காகக் கேட்டேன்? ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நீங்கள் கோடவுனில் ஜன்னல் பக்கம் நின்று, "உங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் வாயாடுவினமோ?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. இதை லீவு லெட்டரில் எந்த இடத்தில் எழுதுவது?

முப்பதாம் தேதி கிளம்புகிறேன். ஊர் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நீங்கள் தம்பி வீட்டுக்குப் போனாலும், மேடம் வீட்டில் இருந்தாலும், அது நீங்களே விரும்பி எடுத்த முடிவாக இருக்கட்டும். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வருத்தம் இருக்கும். அதை மறைக்கவில்லை.

அம்மையப்பன்

•

ஈசா டவுன்
25 மே 2025

அன்புள்ள அம்மையப்பனுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று வெள்ளிக்கிழமை பிரிக்காமல் பையில் வைத்திருந்தேன். நாலாவது வெள்ளி, கடைக்கு முன்னால் நின்றபடியே வாசித்தேன். வீரபாண்டியின் தாயாருக்கு நடந்த ஆபரேஷன் வந்ததும் சிரித்துவிட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதலில் தம்பியிடம் கதைத்தேன். "மாமியைப் பார்க்க ஒரு ஆளைப் பிடி, என்னால ஏலாது" என்றேன். "அப்ப நீங்கள் எங்க போகப் போறியள் அக்கா?" என்றான். "அது நான் யோசிக்கிறன்" என்றேன். எனக்கு ஒரு யோசனை இருக்கலாம் என்பதே அவனுக்குப் புதினமாக இருந்தது.  பிறகு, "கவனமா இருங்கோ" என்று சொன்னான். அதற்கு நான் அழுதுவிட்டேன்.

மேடத்திடம் சொன்னேன். "மாஃபி, முடியாது! குழந்தை வருகிறது!" என்றார். "கலாஸ், மேடம்" என்றேன், முடிந்தது என்று. இந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் சொன்னது இதுதான் முதல்தரம். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கட்டித்தழுவி, ஜூன் மாதச் சம்பளத்தோடு போகச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களை நான் பார்த்ததே இரண்டு நாள். ஆனால் ஒரு மாதம் உங்கள் ஊருக்கு விருந்தாளியாக வருகிறேன். நான் இதுவரை ஒருவர் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போனதில்லை. எப்படி இருப்பது என்று தெரியாது. காலையில் எழும்பி உங்கள் முற்றத்தைக் கூட்டத் தொடங்கினால், விளக்குமாறைப் பறித்து வையுங்கள். ஜூலை ஆறாம் தேதி திருச்சிக்கு வருகிறேன். அகிலாவுக்கு என் வரவை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்வது எனக்குப் பிடிக்காது.

விசாவுக்குக் குதைபியாவில் பிருந்தா என்ற பிள்ளைதான் படிவம் நிரப்பினாள். இந்தியாவில் தெரிந்தவர் யார் என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு அன்ரி?"

நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"நண்பர் என்று போடு பிள்ளை" என்றேன். அவள் போட்டாள். நான் வெளியே வந்து, வாசல் வரை போய், திரும்பவும் உள்ளே போனேன்.

"பிள்ளை, அடுத்தமுறை விண்ணப்பிக்கும்போது அதை மாற்றி எழுதலாமோ?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தாராளமா மாத்தலாம் அன்ரி."

மாற்றலாமாம். உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

பத்மாவதி