கேட்காமல் உள்ளே வந்தவர்

அக்கா,

இன்று காலை ஜன்னல் வழியே ஒட்டுப்பால் நாற்றம் வந்தது. ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு நீங்கள் லய வீட்டுக்குத் திரும்பும்போது சேலையில் ஒட்டிவரும் அதே நாற்றம். நீங்கள் கண்மூடியபின் வரும் முதல் மழைக்காலம் இது.

நான் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்த காலம். என் கணவர் அடிப்பது சுவர் தாண்டி எல்லோருக்கும் கேட்கும். "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். நீங்கள் மட்டும் அவரிடம் பேசிப் பார்த்தீர்கள்; தோட்டத் தலைவரிடமும் போய்ச் சொன்னீர்கள். எதுவும் நடக்கவில்லை. ஒரு சாயங்காலம் என் கணவர் என் கழுத்தை நெரித்தபோது, கதவை உதைத்துத் திறந்து வந்து அவரை இழுத்துத் தள்ளினீர்கள். அந்த வாரமே அவர் கொழும்புக்குப் போனார். திரும்பவில்லை.

பல வருடங்கள் கழித்து, தூரத்து நாடொன்றில் அரசாங்கமே தன் மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. உலக நாடுகள் தலையிட வேண்டுமென்று தெரணியகலை டவுனில் நின்று கேட்போம் என்று கோயில் மண்டபத்தில் நீங்கள் சொன்னீர்கள். கோயில் கமிட்டித் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

"அது அவங்க நாட்டு விஷயம். வெளியாள உள்ள விட்டா வீட்டையே புடிச்சிக்குவான்."

கூட்டத்தில் வாய் திறந்தறியாத நான் எழுந்தேன்.

"எங்க வீட்டுக்காரரக் கேட்டுட்டா இந்த அக்கா உள்ள வந்தாங்க? அடிய நிப்பாட்டுனாங்க. காயம் ஆறுற வரைக்கும் சோறு போட்டாங்க. அப்புறம் அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. வராட்டி நான் இன்னைக்கு இல்லைங்க."

"எல்லாரும் அப்படித் திரும்பிப் போவாங்களா?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

"போகாட்டி அதையும் கேப்போம்," என்றீர்கள். "அதுக்காகச் சாகட்டும்னு விடுறதாங்க?"

மறுநாள் டவுனில், தூறலில், கோரிக்கை எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு த்ரீவீல் டிரைவர் நிறுத்தி, "யார் அவர்கள், உங்கள் சொந்தமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மினிஸ்ஸு," என்றீர்கள். மனிதர்கள். அவ்வளவுதான். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நம்மோடு வந்து நின்றார். அப்போது உங்கள் பக்கத்தில் நிற்பதே எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நாம் நின்றதால் அங்கே ஓர் உயிராவது தப்பியதா, தெரியாது. திரும்பும் பஸ்ஸில் என் கையை இறுக்கிப் பிடித்து, "நல்லாப் பேசுனடி" என்றீர்கள்.

இப்போது மாதர் சங்கத்தில் என்னைத்தான் முதலில் பேசச் சொல்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனாலும் எழுந்துவிடுகிறேன்.