பெயருக்குப் பத்து எழுத்து

மார்ச் 2
பெரிய பேரன் வங்கியில் மேலாளர் ஆகிவிட்டான். இரண்டாமவன் கட்டுகிற பாலத்தின் மேல் ரயில் ஓடப்போகிறது. கடைக்குட்டி பேத்தி தூர தேசத்தில் கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்கிறாள். மூவர் படமும் சுவரில் இருக்கிறது. பேத்தி படம் மட்டும் இடுப்போடு நிற்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் இத்தனை படிப்பு.

இன்று செருப்புப் பட்டறைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 3
மெக்கானிக் உள்ளிருந்ததைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். திறக்கவில்லை.

"இது டாஸ் காலத்து புரோகிராம்மா. இது பேசறது புது மெஷினுக்குப் புரியாது."

"புரிய வைக்க முடியாதா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினதும்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலமாரியில் செருப்பு தைக்க ஆயிரத்து நூறு மர அச்சு. ஒவ்வொன்றும் ஒருவர் கால். வளைந்தது, குட்டையானது, விரல் இல்லாதது. மரத்தில் சுட்டிருப்பது எண் மட்டும். எந்த எண் யாருடையது என்று அந்தக் கறுப்புத் திரைக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல இருபத்தைந்து வருடம் நான் தட்டியது. அவர் போய் இரண்டு வருடம். மகன் செருப்பு தைப்பான். அச்சு செதுக்க அவனுக்குக் கை வராது.

மார்ச் 6
எங்கள் பழைய வாடிக்கைக்காரர் டீச்சர் வந்தார். குட்டைக் காலுக்கான செருப்பின் உயர அடி பிளந்து, கயிறு கட்டியிருந்தார்.

"முப்பதாம் தேதி ஹெட்மிஸ்ட்ரஸா பொறுப்பு எடுக்கறேம்மா. பிள்ளைங்க முன்னாடி மேடைக்கு நானா ஏறணும். யாரும் கை பிடிக்கக் கூடாது."

கட்டாயம் ஏறுவீர்கள் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 9
நாற்பது அச்சை டீச்சர் காலோடு வைத்துப் பார்த்தோம். வலியில் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நிறுத்திவிட்டோம்.

மார்ச் 10
பேத்தியிடம் போனில் சொன்னேன். "தலைக்கு மேல வேலை பாட்டி. ஃபைலை அனுப்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பாக்கறேன்."

மார்ச் 14
ஞாயிறு. போன் வரவில்லை.

மார்ச் 17
திறந்துவிட்டாள். "புது மெஷினுக்குள்ள ஒரு பழைய மெஷின் மாதிரி வேஷம் போட வெச்சேன் பாட்டி. உங்க புரோகிராம் அதை நம்பி எழுந்துக்கிச்சு."

டீச்சரைத் தேடச் சொன்னேன். இல்லை. பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். அதுவும் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். அதனால் என் வீட்டுக்காரர் முதல் நாள் பார்த்ததை வைத்து எல்லோருக்கும் தானே ஒரு பெயர் வைப்பார். குடைக்காரர். அழாதவன். டீச்சருக்கு என்ன வைத்தார்? தட்டினவ நான்தானே — ஞாபகம் வரலையே. பாழாப்போன மண்டை.

மார்ச் 19
டீச்சரையே கேட்டேன், முதலில் எப்போது வந்தீர்கள் என்று.

"எட்டாவது படிக்கறப்போ. எங்கப்பா தோள்ல தூக்கிட்டு வந்தாரு. அவ்ளோ பெரிய பொண்ணு. தெருவே வேடிக்கை பாத்துச்சு."

தோளேறி.

மார்ச் 20
தோளேறிக்கு நான்கு எண். கால் வளர வளரச் செய்தவை. கடைசி எண் 903. மகன் ஏணி போட்டு எடுத்தான். மேலெல்லாம் தூசி, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேத்தி போனை வைக்கவில்லை. "துரைன்னு ஒரு ஆளுக்கு ஒன்பது நம்பர் இருக்கே பாட்டி. யாரு அது?"

"நீதாண்டி. மூணு வயசுல பட்டறைக்கு வந்து எல்லாரையும் அதிகாரம் பண்ணுவே. உன் காதுபட சொன்னா மூஞ்சியைத் தூக்குவேன்னு தாத்தா சொன்னதில்லை."

அவளுக்கும் ஒரு கால் குட்டை. ஆறு வருடத்துக்கு முன், அந்தக் கனத்த செருப்பு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவள். கடைச் செருப்புக்குள் துணி மடித்து வைத்துச் சமாளிக்கிறாளாம். அதையும் இன்றுதான் சொன்னாள். அங்கே கால் வலித்தால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

"ஒன்பதாவது அச்சு இன்னும் இருக்கா பாட்டி?"

மார்ச் 29
டீச்சர் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் படி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பழைய செருப்பைக் கேட்காமல் போய்விட்டார்.

ஏப்ரல் 8
துரையின் செருப்பு இன்று பார்சலில் போனது. உள்ளே ஒரு சீட்டு வைத்தேன்:

"போட்டு நின்று புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. சுவரில் இருந்ததைக் கழற்றிவிட்டேன். கால் தெரியட்டும்."