செம்புக் குண்டுக்கு என் கையெழுத்து

நாள் 171. 08:40

வெடிமருந்துக் குடில், மேட்டு முனை, வன்னி-3 கோள். எழுதுவது சிகாமணி, தோட்டா கட்டுபவன்.

காற்றழுத்தம் வழக்கம்போல். ஈரம் குறைவு. இருபது தோட்டா கட்டினேன். இரண்டு உறைகளில் கழுத்து வெடித்திருந்தது, கழித்துவிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு என் வேலை தெரிந்திருக்காது. சுட்டுத் தீர்ந்த பித்தளை உறையில் மருந்தை நிறுத்துக் கொட்டி, அதன் வாயில் குண்டை அழுத்தி உட்கார வைப்பேன். அவ்வளவுதான். வெடிமருந்துக்குப் பக்கத்தில் ஆட்கள் குடியிருக்கக் கூடாது என்று என்னை மட்டும் மலைமேல் வைத்திருக்கிறார்கள். கீழே பாசறையில் நாற்பது பேர். எங்களுக்கு நடுவே கம்பியில் ஓடும் ஓர் இரும்புத் தொட்டி, ஒரு வானொலி.

பள்ளத்தாக்கில் தூம்பன்கள் மேய்கின்றன. ஒவ்வொன்றும் எட்டு டன். தண்ணீர்க் குழாயின் சூடு பிடித்துப்போய் அதன்மேல் படுத்து நசுக்கும். அவற்றைச் சுடுவது பவளக்கொடி. ஆறு வருடமாக என் தோட்டாவால்தான் சுடுகிறாள். ஒரு முறைகூடக் குறி தப்பியதில்லை.

நாள் 178. 18:35

விநியோகக் கப்பல் வந்து போயிற்று. ஒரு கடைசல் இயந்திரத்தையும் அதை ஓட்ட தொபியாஸ் என்ற ஆளையும் இறக்கிவிட்டுப் போனது. முப்பது வயது. பாடுவானாம்.

பவளக்கொடி தினமும் மாலையில் வானொலியில் வருவாள். அரை மணி நேரம் பேசுவோம். இன்று நான்கு நிமிடம்.

"மணியண்ணா, தொபியாஸ் ஒரு குண்டு கடைஞ்சு காட்டுனானுங்ணா. முழுக்கச் செம்பு. உங்க ஈயக் குண்டு மண்டையோட்டுல பட்டா அப்பளமாயிருதில்லீங், இது நேரா உள்ள போயிருமாமா."

ஆறு வருடமாக நான் அண்ணன். வந்து ஒரு வாரம் ஆகாதவன் வெறும் தொபியாஸ்.

அவள் சொன்னதில் தப்பில்லை. போன மாதம் என் குண்டு எலும்பில் தட்டையாகி நின்றுவிட்டது. தூம்பன் அவளுக்கு இரண்டு எட்டு தூரம்வரை வந்துதான் இரண்டாம் வேட்டில் விழுந்தது. எனக்கு வயிறு எரிகிறது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நாள் 183. 11:20

தொபியாஸ் அழைத்தான்.

"அண்ணாச்சி, குண்டை எத்தனை நீளத்துக்குக் கடையலாம்னு கணக்குப் பண்ணுதேன். அளக்குற கருவி உங்ககிட்டதான இருக்கு, உங்க குடில்ல காத்தோட அடர்த்தி எவ்வளவு வே? மன்னிச்சுக்கிடுங்க, வாய் பழக்கத்துல வே-ன்னு வந்துட்டு."

ஈயத்தைவிடச் செம்பு லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டு மூக்கை முன்னால் வைத்துப் பறக்க வேண்டுமென்றால் குழலுக்குள் அதிகம் சுழல வேண்டும். காற்று அடர்ந்திருந்தால் இன்னும் அதிகம். போதாவிட்டால் குண்டு குட்டிக்கரணம் போடும். குறுக்குவாட்டில் போய்த் தோலில் அறைந்து நின்றுவிடும்.

பள்ளத்தாக்கில் காற்று இங்கே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அடர்த்தி. முதல் வருடம், பவளக்கொடி வருவதற்கு முன், நீளமான பித்தளைக் குண்டுகள் செய்து அங்கே பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது இருந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போது இது தெரிந்தவன் நான் ஒருவன்.

அவன் குடிலின் அடர்த்தியைக் கேட்டான். குடிலின் அடர்த்தியைச் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

நாள் 190. 14:05

செம்புக் குண்டுகள் தொட்டியில் வந்தன. நாற்பது. என் உறையில், என் மருந்தில், என் கையாலேயே கட்ட வேண்டும். நீளம் கூடியதால் உறைக்குள் இடம் குறைகிறது, மருந்தைக் குறைத்தேன். அதிலெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

பள்ளத்தாக்கில் யாரும் சோதித்துச் சுடுவதில்லை. சத்தம் கேட்டால் மந்தை மிரண்டு குழாய்ப் பக்கம் ஓடும். சோதனை எப்போதும் இங்கே, குடிலின் பின்னால்தான். மூன்று வேட்டு. மூன்றும் ஒரே ஓட்டை. என் ஈயம் மூன்று விரல் அகலத்துக்குச் சிதறும்.

கடைசல் அவ்வளவு சுத்தம். ஒரு குண்டை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலில் மூன்று மில்லிமீட்டர் வெட்டினால் பள்ளத்தாக்கிலும் நேராகப் போகும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

முடிவைக் கீழே சொன்னேன். ஒரே ஓட்டை என்றதும் பவளக்கொடி கைதட்டினாள். பின்னால் அவன் பாடினான். நன்றாகத்தான் பாடுகிறான்.

நாள் 203. 16:50

கிழக்குக் குழாயில் ஒரு பெரிய ஆண் தூம்பன் படுத்திருக்கிறது. நாளைக் காலை வேட்டை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியின் மூடியில் தோட்டா கட்டியவன் கையெழுத்துப் போடுவான். இதை எடுத்துக்கொண்டு அந்த விலங்கின் முன்னால் நானே நிற்பேன் என்று அதற்குப் பொருள். கையெழுத்து இருந்தால் வேட்டைக்காரர் கேள்வி கேட்கமாட்டார். இல்லாவிட்டால் பெட்டியைத் தொடமாட்டார்.

கையெழுத்துப் போட்டேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல் வேட்டு தோலில் அறைந்து நிற்கும், மிருகம் மிரண்டு ஓடும், அவன் முகத்தில் கரி பூசியதுபோல் ஆகும், மாலையில் அவள் என்னை அழைப்பாள். இப்படித்தான் நினைத்தேன். ஆண் தூம்பன் மிரண்டு ஓடாது என்பதும் எனக்குத் தெரியும்.

நாள் 204. 09:10

பள்ளத்தாக்கிலிருந்து பவளக்கொடி. தொபியாஸ் அவள்கூட இருக்கிறான், உதவிக்கு.

"மணியண்ணா, முப்பது எட்டு தூரத்துல நிக்குதுங்ணா. ஈயமும் ஒரு பெட்டி கொண்டாந்திருக்கேன். தொபியாஸ் குண்டைப் பார்த்தா ஆசையாத்தான் இருக்குது, ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. எதைப் போடட்டும்?"

பொத்தானில் விரலை வைத்தேன். ஈயம் என்று சொல்லத்தான் வைத்தேன். அதற்குள் அவன் அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். ஆறு வருடத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

செம்பையே போடு என்றேன்.

09:16

வேட்டுச் சத்தம் மலைவரை வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது இல்லை.

09:19

"அண்ணாச்சி, விழல. ரெண்டு வேட்டும் போட்டா, விழல. நேரா வந்துட்டு. அண்ணாச்சி, அவ மேல மிதிச்சுட்டுப் போயிட்டு. நான் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுட்டேன். அவ பேசமாட்டேங்கா."

10:40

பேசமாட்டாள்.

நாள் 206

நேரம் எழுதவில்லை. கடிகாரம் ஓடுகிறது, பார்க்கவில்லை.

கீழே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் போகவில்லை. மருந்தைத் தனியே விட்டு வரக் கூடாது என்று விதி இருக்கிறதாம், நிலையத் தலைவர் நினைவூட்டினார். அவளுக்குக் கை நடுங்கிவிட்டது என்று பாசறையில் பேசிக்கொள்கிறார்களாம். அதையும் அவர்தான் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

ஒரு தோட்டாகூடக் கட்டவில்லை. தராசுத் தட்டில் மருந்து அப்படியே கிடக்கிறது.

நாள் 207. 07:30

தொபியாஸ்.

"அண்ணாச்சி, அது திரும்பவும் குழாய் மேலதான் வந்து படுத்திருக்கு. தண்ணி ரெண்டு நாளைக்குத்தான் வரும். இங்க சுடத் தெரிஞ்சவன் வேற யாருமில்ல, நான் போறேன். தப்பு என் மேலதான். அவகூடப் பேச்சுக் குடுத்துட்டே இருந்தேன், குறி போயிட்டு. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா, சிரிச்சாளே, உங்களைப் பத்திச் சொல்லித்தான் சிரிச்சா. மணியண்ணன் என் குண்டைத்தான் போடச் சொல்லுவார் பாருன்னு நான் சொன்னேன். எங்கண்ணன் கெட்டிக்காரரு, எது நல்லதோ அதைத்தான் சொல்லுவாருன்னா."

பெட்டியைத் திறக்கும் சத்தம்.

"பெட்டியில செம்பு மிச்சம் இருக்கு. அதையே எடுத்துக்கிடவா?"

07:52

இரண்டு முறை கேட்டுவிட்டான். ஈயம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் கணக்குத் தெரிந்தவன், மீதியைத் தானே கண்டுபிடித்துவிடுவான். எடுத்துக்கொள் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. மறுபடியும் இங்கே நான் மட்டும்.

08:05

சொன்னேன். அடர்த்தி, நீளம், பித்தளைக் குண்டு, வாலில் வெட்ட வேண்டிய மூன்று மில்லிமீட்டர், கையெழுத்து. சிரிப்பைப் பற்றியும் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன்.

மறுமுனையில் பெட்டியின் மூடியை அறைந்து சாத்தும் சத்தம். பிறகு:

"ஈயம் ஒரு பெட்டி இங்க இருக்கு. அது போதும், தூம்பனை முடிச்சுட்டு மேல வாரேன். கதவைத் தெறந்து வையுங்க."

11:25

கீழே ஒரே வேட்டு. குழாய் விடுபட்டதாகத் தலைவர் அறிவித்தார்.

12:10

கம்பி ஆடுகிறது. தொட்டி பாதி வழி வந்துவிட்டது. உள்ளே ஒரே ஆள். துப்பாக்கியை மடியில் வைத்திருக்கிறான். செம்புத் தோட்டாப் பெட்டியும் இருக்கிறது, மூடி வெயிலில் தெரிகிறது.

கண்டெடுப்பவருக்கு: பவளக்கொடி குறி தப்பவில்லை. இரண்டு குண்டும் அவள் வைத்த இடத்தில்தான் பட்டிருக்கும். பாசறையில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

இந்த மலைமேல் காற்று லேசு. செம்பு நேராகத்தான் வரும்.

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.