செம்பு டப்பியில் சாம்பல்

விஜயபுரம்
12.1.2024

மருமகன் பவன்குமாருக்கு உன் தாய்மாமன் பாலையா எழுதுவது.

இங்கே நானும் எருமையும் சௌக்கியம். எருமை என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். போன மாசம் நகரிச் சந்தைக்கு ஓட்டிக்கினு போனேன். ஒரு யாவாரி அதைப் பார்த்து, "இது எருமையா, யானைக்குட்டியா?" என்று கேட்டு அங்கேயே மயங்கி விழுந்தான். சோடா தெளித்து நான்தான் எழுப்பினேன்.

போன் பண்ணினால் எடுப்பதில்லை என்று கோபிக்காதே நைனா. இடி என் காதுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்த நாளிலிருந்து போனில் யார் பேசினாலும் கொசு பாடுவது மாதிரித்தான் கேட்கிறது. நமக்குக் காகிதம்தான் சரி. திருப்பதி பஸ் கண்டக்டர் சுனில் நம்ம பையன், உன் லாட்ஜ் கவுண்டரிலேயே கொண்டுவந்து கொடுப்பான். நான் ஐந்தாம் கிளாஸோடு நின்றவன்தான். ஆனால் பட்டா விஷயமாய் நான் எழுதின மனுவைப் படித்துவிட்டு கலெக்டரே, "யாருய்யா இந்த எம்.ஏ.?" என்று விசாரித்தாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வந்து அழுதாள். உனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, ஒரு குஞ்சு குளுவான் இல்லை. உனக்கு உயிரணு எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, பயப்படுகிற அளவுக்கு இல்லை என்று டாக்டர் சொன்னாராமே. ரூபாவுக்கு ஊசி மேலே ஊசியாமே. இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

சுனில் கையில் ஒரு செம்பு டப்பி கொடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கிறது பஸ்பம். குப்பம் மலையில் நூத்திப் பதினேழு வயசு சாமியார் ஒருத்தர் என் தலையில் கை வைத்து, எனக்கு மட்டும் சொன்ன வித்தை. இதைத் துன்னு நாற்பத்திரண்டு பேர் தகப்பனாகியிருக்கிறார்கள். ஒரு தாசில்தாருக்கு இரட்டை. நானே இருபது வருஷமாய்த் துன்னுகினு இருக்கிறேன். விடியக்காலையில் ஒரு அரிசி அளவு வெண்ணெயில் குழைத்து நாக்கில் வை. ஒரே ஒரு கண்டிஷன். யாரிடமும் சொல்லாதே. பெண்டாட்டியிடமும் சொல்லாதே. வெளியே சொன்னால் மருந்து வேலை செய்யாது.

உனக்கே பிள்ளை இல்லையே மாமா என்று மனசுக்குள் கேட்பாய், தெரியும். உன் அத்தை சென்னம்மா கதை வேறே. குறை அவளிடம். அதனால்தானே பலமனேரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆம்பிளை மருந்து பொம்பிளை குறைக்கு என்ன செய்யும்?

கையெழுத்து கோணலாக இருப்பது பேனாவின் கோளாறு.

உன் நன்மையே நினைக்கும்,
மாமன் பாலையா


திருப்பதி
20.4.2024

மாமாவுக்கு பவன்குமார் எழுதுவது.

டப்பி வந்தது. நீங்கள் சொன்னபடி துன்னுகிறேன். ரூபாவுக்குத் தெரியாமல் பாத்ரூமில் நின்று துன்னுகிறேன். வெண்ணெய் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன்.

லாட்ஜில் கூட்டம் அதிகம். மலைக்குச் சாமி பார்க்கப் போகிறவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் வருகிறார்கள். நான் சாவி கொடுக்கிறேன், சாவி வாங்குகிறேன்.

ஒரு மாசமாய் வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. இந்த முறையும் ரூபாவுக்குக் கரு நிற்கவில்லை. அவள் அம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்தாள். திருச்சானூர் வெயிலில் கால் கொப்பளித்துவிட்டது. அம்மா அதைப் பார்த்து, "நடந்தா ஆவுதா எல்லாம்?" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பவன்குமார்


விஜயபுரம்
2.5.2024

மருமகனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சந்தோஷத்தில் எருமைக்கு ஒரு படி பருத்திக்கொட்டை அதிகம் வைத்தேன். வயிறு முறுக்குகிறதா? பேஷ்! மருந்து உள்ளே இறங்கி வேரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு முறுக்கினபோது மூன்று நாள் தரையில் உருண்டேன். நாலாம் நாள் எழுந்து தனி ஆளாய்க் கிணற்று மோட்டாரைத் தூக்கி மேலே வைத்தேன். ஊரே பார்த்தது.

இனிமேல் ரெண்டு அரிசி அளவாக்கு. சுனிலிடம் இன்னொரு டப்பி கொடுத்திருக்கிறேன். அவன் என்னிடம், "மாமா, டப்பியில் என்ன?" என்றான். "உன் கல்யாணத்துக்கப்புறம் வா, சொல்கிறேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அக்கா வாயைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதே. பேரனைக் கண்டால் அடங்கிவிடுவாள்.

மாமன்


திருப்பதி
9.10.2024

மாமாவுக்கு,

இரண்டாவது டப்பி பாதி ஆகிவிட்டது.

என் வலது கை மணிக்கட்டு தொங்கிவிட்டது. தூக்கினால் நிற்பதில்லை. விரல் மரத்துக் கிடக்கிறது. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். எலும்பில் ஒன்றுமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ரத்தம் எடுத்தார்கள். ஈயம் இருக்கிறதாம், எழுபத்தி எட்டு. அஞ்சு தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். பேட்டரி கம்பெனியில் வேலையா, பெயிண்ட் வேலையா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். லாட்ஜில் சாவி கொடுக்கிற வேலை என்றேன். நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்றார். ரூபா பக்கத்தில் இருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உயிரணு டெஸ்ட்டும் மறுபடி எடுத்தார்கள். முன்னே குறைவு என்றார்கள் இல்லையா, இப்போது ஒன்றுகூட இல்லை. அந்தக் காகிதத்தைப் படித்தபோது எனக்குத் துக்கம் வரவில்லை. வேறு யாருடைய காகிதமோ மாதிரி இருந்தது.

அம்மா நகரியில் ஒரு பெண் பார்த்திருக்கிறாளாம். ரூபாவை அவள் ஊருக்கு அனுப்பச் சொல்கிறாள். டெஸ்ட் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது.

டப்பியில் இருப்பது என்ன மாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

பவன்குமார்


விஜயபுரம்
15.10.2024

மருமகனுக்கு,

இடது கையால் எழுதினாயா? எழுத்து என் எழுத்து மாதிரியே அழகாக இருக்கிறது.

டாக்டர் சொன்னான் என்று நடுங்காதே. ஈயம்தான். இருந்தால் என்ன? அது உயிருள்ள ஈயம் இல்லை, செத்த ஈயம். அதைச் சாகடிக்கிறதுதான் வித்தை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பழைய லாரி பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கிற தகட்டை எடுத்து, சட்டியில் உருக்கி, புளியங்கட்டையால் கிளறிக் கிளறி, கற்றாழைச் சாறு விட்டு எருமுட்டையில் புடம் போடுவேன். ஒரு முறை இல்லை, நூறு முறை! சாமியார் மூன்று புடம்தான் சொன்னார், மீதி என் சொந்த மூளை. புகை கண்ணை எரிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனா? சட்டி மேலேயே குனிந்து நிற்பேன். இங்கிலீஷ் டாக்டருக்கு இந்தப் பொறுமை வருமா?

இன்னொன்று. அக்கா சொல்வதையும் யோசித்துப் பார். ரூபா நல்ல பெண், இல்லை என்று சொல்லவில்லை. சென்னம்மாவும் நல்லவள்தான். வருஷம் அஞ்சு பார்த்தேன், அனுப்பிவிட்டேன். போகும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் சீட்டு பிடித்துக் கொடுத்தேன்.

மருந்தை நிறுத்தாதே.

மாமன்


திருப்பதி
3.11.2024

மாமாவுக்கு,

மருந்தை நிறுத்திவிட்டேன். மிச்சத்தை டப்பியோடு டாக்டரிடம் கொடுத்தேன். டெஸ்ட் பண்ணிவிட்டுக் கூப்பிட்டார். எரித்தாலும் அரைத்தாலும் அது ஈயம்தானாம். ரத்தத்தில் கலந்து எலும்பில் போய்த் தங்குமாம். ஆம்பிளைக்கு உயிரணு உண்டாகிற இடத்தையே முடக்கிவிடுமாம். உன்னிடம் இருந்தது கொஞ்சம், அதையும் இதுதான் தின்றுவிட்டது என்றார். ஈயத்தை வெளியேற்ற மாத்திரை கொடுத்திருக்கிறார். உயிரணு திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், மாசக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார்.

ரூபாவிடம் எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சோறு போட்டாள். துன்னு முடித்ததும், "எனக்கு ஊசி போட்டுக்கினு இருந்த நாளெல்லாம் நீ பாத்ரூம்ல இதைத் துன்னுக்கினு இருந்தியா?" என்றாள். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். என் கையால் போட முடிவதில்லை. பழக்கத்தில் போட்டாளா, வேறே ஏதாவது நினைத்துப் போட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

குறை என்னிடம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நகரிப் பேச்சு நின்றது. ரூபாவாகப் போனால் போகட்டும், நான் அனுப்ப மாட்டேன்.

அம்மா அன்றைக்குத்தான் ஒரு விஷயம் சொன்னாள். சென்னம்மா அத்தைக்குப் பலமனேரில் வேறே கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகளாம். உங்களுக்குத் தெரியுமா என்று அம்மாவுக்குத் தெரியாதாம்.

ரூபா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நாற்பத்திரண்டு பேர் என்று எழுதினீர்களே, அவர்கள் யார் யார்? எந்த ஊர்? அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்கிறாள். டாக்டரும் அதையே கேட்கிறார்.

நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இனிமேல் உங்களிடமிருந்து எதையும் வாங்கி வர வேண்டாம் என்று சுனிலிடம் சொல்லியிருக்கிறேன்.

பவன்குமார்


விஜயபுரம்
18.12.2024

மருமகன் பவன்குமாருக்கு மாமன் எழுதுவது.

சுனில் வாங்க மாட்டேன் என்றான். அதனால் தபாலில் போடுகிறேன்.

போன வாரம் திருப்பதிக்கு வந்து நீ போகிற அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தேன். எனக்கு நூத்திப் பத்து. உன்னைவிட அதிகம். டாக்டர் ஐயா காகிதத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இல்லை, எழவில்லை. பார்த்தார், "எத்தனை வருஷம்?" என்று கேட்டார், எழுதிக்கொண்டார். காதும் கை நடுக்கமும் இதனால் இருக்கலாம் என்று அதையும் காகிதத்திலேயே எழுதிக் காட்டினார். அந்த இடி விழுந்தது பக்கத்து ஊரில்.

பிள்ளைகள் உண்டா என்றும் எழுதிக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பெண்டாட்டி எங்கே என்றார். பலமனேர் என்றேன்.

சென்னம்மா விஷயம் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னே அங்கே தக்காளி மண்டியில் பார்த்தேன். பெரிய பையன் தக்காளிப் பெட்டி தூக்கிக்கினு இருந்தான். மூக்கு அவள் மூக்கு. அப்புறமும் பஸ்பத்தை விடவில்லை. அவளுக்குப் பிறந்ததே நான் கொடுத்த மருந்து அவள் உடம்பில் மிச்சமிருந்ததால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு நான் மருந்து கொடுத்ததே இல்லை.

ரூபாவிடம் சொல்: நாற்பத்திரண்டு பேர் இல்லை. தாசில்தார் இல்லை. குப்பம் சாமியாரை நான் பார்த்ததில்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் சொன்னது. ஊரில் யாரும் என்னிடம் மருந்து கேட்டதில்லை. கொடுக்கிறேன் என்றாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கித் துன்னது நீ ஒருத்தன். டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன், ரெண்டு பேர், நானும் என் அக்கா மகனும் என்று. ரூபா யாரையும் தேட வேண்டாம்.

சட்டியையும் மிச்சத் தகட்டையும் மூட்டை கட்டி ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டேன். மண்ணில் புதைக்காதே என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அன்றைக்கு உன் லாட்ஜ் வாசல் வரைக்கும் வந்தேன். எதிரே டீக்கடையில் நின்றேன். நீ ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்தாய், இடது கையால். வலது கையை மேஜை மேலே எடுத்து வைத்திருந்தாய், அது ஏதோ வேறே ஒருத்தர் விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி. அந்தக் குடும்பத்துக் குழந்தை சாவியைக் கேட்டு அழுதது. நீ அதைப் பார்க்கவில்லை. ரூபா டிபன் கேரியரோடு வந்தாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தாள். நான் ரோட்டைத் தாண்டவில்லை.

திரும்பும்போது சுனில் பஸ்தான். அவன் டிக்கெட் பையோடு என் சீட்டுக்கு வந்து நின்று, உரக்கக் கேட்டான்: "இன்னா மாமா, இன்னிக்குக் கதை ஒண்ணும் இல்லியா?" முன் சீட்டில் ரெண்டு பேர் அதற்குள்ளேயே சிரிக்கத் திரும்பிவிட்டார்கள்.

"விஜயபுரம் ஒண்ணு கொடு" என்றேன்.

பாலையா