ஒன்பதாவது கட்டம்

மார்ச் 4, புதன்

இன்றைய கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. என் கைக்குறிப்பு பதினோரு பக்கம், அதில் முடிவு என்று சொல்லத்தக்கது அரைப் பக்கம்.

யாராவது ஒரு பையில் பேரழிவு ஆயுதம் எதையாவது வைத்துக்கொண்டு நகரத்துக்குள் வந்தால் எந்தத் துறை என்ன செய்யும்? அதைத் தாளில் எழுதி வைப்பதற்காகத்தான் எங்கள் ஒருங்கிணைப்புப் பிரிவே இருக்கிறது. நான் அதன் குறிப்பெழுதுபவள், அட்டவணையும் என் பொறுப்பு. அட்டவணையில் பத்துக் கட்டங்கள். முதல் கட்டம், எச்சரிக்கை கொடுப்பது யார். அதற்குக் காவல், தீயணைப்பு, சுகாதாரம் மூன்றும் மல்லுக்கு நின்றன. கடைசியில் மூன்று பேரையும் போட்டுவிட்டோம்.

ஒன்பதாவது கட்டம், ‘ஆபத்து இல்லை, விட்டுவிடலாம் என்று சொல்வது யார்’. காவல்துறை சார்பில் வரும் மீசைக்காரர் தன் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். தீயணைப்பு அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். சுகாதாரத்துறை டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் போன் வந்தது. தலைவர் சிரித்துக்கொண்டே, “ஒரு கோடு போட்டு வைம்மா. அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்றார்.

போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஆபத்து என்று சொல்ல மூன்று பேர், இல்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை. இது கோளாறா, அல்லது மனிதர்கள் எப்போதுமே இப்படித்தானா?

மார்ச் 11, புதன்

அக்கா வந்துவிட்டாள். கழுத்தில் அறுவைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. தைராய்டில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அதை அழிக்கக் கதிரியக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள். குடித்தபின் அவள் உடம்பிலிருந்தே கொஞ்ச நாளைக்குக் கதிர் வீசுமாம். குழந்தை பக்கத்தில் இருக்கக்கூடாது. அதனால் வாண்டை அத்தானிடம் விட்டுவிட்டு என் வீட்டுப் பின்னறைக்கு வந்திருக்கிறாள். வாண்டுக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி ஐந்து வயது முடிகிறது.

“இருட்டுல நான் மினுங்குவேனான்னு கேக்கறாடி. மினுங்குனா விளக்கு வேணாம், அம்மா பக்கத்துலயே உக்காந்து படம் பாக்கலாமாம்” என்றாள். சிரித்தோம். அவள் மட்டும் நடுவில் நிறுத்திவிட்டாள்.

மார்ச் 16, திங்கள்

ரயில் நிலையத்தின் நான்கு வாசல்களிலும் கதிர்வீச்சை உணரும் கருவியைப் பொருத்திவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தூண். சோதனை ஓட்டம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வீட்டில்கூட என்று தலைவர் அழுத்திச் சொன்னார். தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் மூலமாகத் தெரியக்கூடாதவனுக்கும் தெரிந்துவிடும். நியாயம்தான்.

கருவியைப் பொருத்த வந்தவரிடம், மருத்துவமனையில் இந்த மாதிரி மருந்து குடித்தவர்கள் இதைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். பொதுவாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

“மணி அடிக்கும். வாரக்கணக்காகூட அடிக்கும். ஆனா அவங்க கையில ஆஸ்பத்திரி குடுத்த அட்டை இருக்கும்.”

அட்டையைப் பார்த்து விடுவது யார்? டாக்டரம்மா இன்றைக்கு வரவில்லை. தலைவர் என் அட்டவணையை எட்டிப் பார்த்தார். ஒன்பதில் கோடு அப்படியே இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பத்தாவது கட்டத்துக்குப் போய்விட்டார். நானும் பேசவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மருந்து கொடுத்து இரண்டு நாள் தனியறையில் வைத்திருந்து, இன்று அக்காவை அனுப்பினார்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறேன். தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இரண்டு பேரும் சின்ன வயதில் சண்டை போட்டபோதுகூட இப்படிக் கதவை வைத்துப் பேசியதில்லை. அவள் கணக்கு டீச்சர். நாட்களைச் சுவரில் பென்சிலால் கோடு கிழித்து எண்ணுகிறாள். மூன்றாம் தேதி காலை ரயில், மாலை வாண்டின் பிறந்தநாள். அதற்குள் குழந்தையை மடியில் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

காலை ரயில்.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லலாமா?

சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அக்கா யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள்? ஆனால் கையெழுத்துப் போட்ட இருபது பேருக்கும் ஆளுக்கொரு அக்கா இருப்பாள்.

மார்ச் 29, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

ரயில் வேண்டாம், பஸ்ஸில் போ என்றேன். ஏன் என்றாள். ரயிலில் கூட்டமாக இருக்கும் என்றேன். பஸ்ஸில் மட்டும் ஆள் இருக்க மாட்டார்களா என்றாள். வெயில், வழியில் வேலை நடக்கிறது, அது இது என்று என்னென்னவோ உளறினேன். எனக்குப் பொய் வராது என்று அவளுக்குத் தெரியும். உண்மையை மறைக்கவும் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ. வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“நேராவே சொல்லு. நாலு பேர் பக்கத்துல நான் உக்காரக்கூடாது, அதானே? டாக்டரே போலாங்கறாரு, உனக்கென்னடி? தட்டை வெச்சிட்டு ஓடறியே, அதையும்தான் பாக்கறேன். நான் என்ன வெடிச்சிருவேனா?”

“இல்லக்கா, அது இல்ல” என்று மட்டும் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டிக்கெட்டை மாற்றவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது விளங்குகிறதா பார்ப்போம்.

அக்கா என்னிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டாள். நான் எட்டரைக்கே அலுவலகத்தில். பத்து இருபதுக்கு அவசர போன். மூன்றாம் வாசலில் கருவி அடித்திருக்கிறது. பெண், முப்பத்தைந்து இருக்கும், பச்சை நிறப் பை, கழுத்தில் தழும்பு.

பேனா கையில் இருந்தது. ‘கழுத்தில் தழும்பு’ என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அட்டவணை அழகாக வேலை செய்தது. பத்து நிமிடத்தில் மூன்று துறைக்கும் தகவல் போயிற்று. ரயில் நிலைய அறை ஒன்றில் அவளை உட்காரவைத்துச் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். பையைப் பிரித்தார்கள். இரண்டு துணி, வாண்டுக்கு ஒரு பொம்மை வீடு, மருத்துவமனை அட்டை. பதினொன்றரைக்குள் எட்டுக் கட்டமும் முடிந்தது. ஒன்பதில் எல்லாம் நின்றுவிட்டது.

மீசைக்காரருக்குப் போன் செய்தேன். “பிடிச்சது நாங்கதான். ஆனா ஆபத்தில்லன்னு சொல்ல நாங்க யாரும்மா? அட்டையில எழுதியிருக்கறது எங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். டாக்டரம்மா, ஆளைப் பிடித்து வைத்திருப்பவர்கள்தான் விட வேண்டும், தாளில் தருவதானால் கருத்து தரலாம், திங்கட்கிழமைக்குள் என்றார். தீயணைப்பில், தீ இல்லையென்றால் எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். தலைவர் வெளியூரில் ஒரு மாநாட்டில் இருந்தார். நகரப் பாதுகாப்பில் ஒருங்கிணைப்பு பற்றி. போனை எடுக்கவில்லை.

மறுபடி மீசைக்காரர், மறுபடி டாக்டரம்மா. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். “குறிச்சுக்கிட்டேன்மா” என்றார்கள்.

அது என் அக்கா என்று நான் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்னை மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள், அட்டவணை தெரிந்த ஆள் வேறு யாருமில்லை. இது ஒரு காரணம். ரகசியத்தை உடைத்தேன் என்று சந்தேகப்படுவார்கள், இது இன்னொன்று. எது முதலில் தோன்றியது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டேகாலுக்கு ரயில் நிலையத்திலிருந்து ஒரு போலீஸ்காரப் பெண் பேசினாள். “மேடம், அவங்க தண்ணி கேக்கறாங்க. குடுக்கலாமா? கயித்த தாண்டி யார் போறதுன்னு எங்களுக்குள்ள பேச்சு ஓடுது.” பின்னால் அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை. வகுப்பில் பேசுவதுபோல, “பாட்டிலை உருட்டி விடுங்க, நான் எடுத்துக்கறேன்” என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அட்டவணையில் இல்லாத எண் ஒன்றைத் தேடி எடுத்தேன். மருத்துவமனையின் கதிரியக்க மருந்துப் பிரிவு. அட்டை எண்ணைச் சொன்னதும் அங்கிருந்தவர் பதிவேட்டைப் பார்த்து, பெயர், மருந்து, தேதி, இத்தனை நாளில் இவ்வளவு அளவு இருக்கலாம் என்று எல்லாம் சொன்னார். கருவி காட்டிய அளவும் அதுவும் பொருந்தின. நான்கே நிமிடம்.

நான்கு நிமிட வேலைக்கு நான்கு மணி நேரம்.

மூன்று துறைக்கும் சொன்னேன். மூவருக்கும் சந்தோஷம். விடச் சொல்ல மூவருக்கும் அதிகாரமில்லை. இரண்டு நாற்பதுக்கு ரயில் நிலையத்துக்குப் போன் செய்து, “ஒருங்கிணைப்புப் பிரிவுல இருந்து பேசறேன். மருத்துவமனை உறுதி பண்ணிட்டாங்க. அவங்களை அனுப்பிடுங்க” என்றேன்.

“யார் சொன்னதா எழுதட்டும் மேடம்?”

என் பெயரைச் சொன்னேன். பதவியைக் கேட்டாள். குறிப்பெழுதுபவர் என்றேன். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் எழுதிக்கொண்டாள். பாவம், அவளுக்கும் யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

காலை ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் அக்கா போய்ச் சேர்ந்தபோது வாண்டு அழுது அழுது தூங்கிவிட்டாளாம். அத்தான்தான் சொன்னார். அக்கா பேசவில்லை.

ஏப்ரல் 4, சனி

இப்போது அவளுக்கு விளங்கியிருக்கும், பஸ்ஸில் போ என்று ஏன் சொன்னேன் என்று. எனக்கு முன்பே தெரியும் என்பதும் விளங்கியிருக்கும். எது மோசம்?

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணை. தலைவர், மீசைக்காரர், டாக்டரம்மா, எதிரில் நான். குறிப்பெழுத வேறு ஒருவர். அவர் பேனா பிடித்த விதம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்பதையும் பஸ்ஸில் போகச் சொன்னதையும். மீசைக்காரர் முதல்முறையாகப் பேனா மூடியைக் கழற்றவில்லை.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது உங்க அக்கா இல்லாம வேற யாரோவா இருந்திருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருப்பியா?”

தெரியவில்லை என்றேன். உண்மை அதுதான். குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பேன். நேரத்தைக் குறித்திருப்பேன். ஒன்பதாவது கட்டம் காலியாக இருப்பதால் தாமதம் என்று நல்ல தமிழில் ஒரு அறிக்கை கொடுத்திருப்பேன்.

செய்தது சரி. செய்த காரணம் தப்பு. இரண்டையும் கூட்டினால் என்ன வரும்? அக்காவிடம் கேட்கலாம், கணக்கு டீச்சர். போனை எடுத்தால்.

ஏப்ரல் 15, புதன்

ரகசியத்தைக் காக்காததற்கு எழுத்துமூலம் கண்டனம். அதே உறையில் இன்னொரு தாள், திருத்திய அட்டவணை. ஒன்பதாவது கட்டத்தில் எழுதியிருக்கிறது: ‘ஒருங்கிணைப்புப் பிரிவின் குறிப்பெழுதுபவர், மருத்துவமனைப் பதிவேட்டைச் சரிபார்த்தபின்; பதிவேட்டில் இல்லாதவரை, கருவி நிபுணர் வந்து பார்க்கும்வரை விடக்கூடாது.’ மூன்று துறையும் ஒருமனதாம். வேறெதிலும் இவ்வளவு சீக்கிரம் ஒருமனதாகி நான் பார்த்ததில்லை.

தண்டனையா, பதவி உயர்வா? தலைவரிடமே கேட்டேன். “எனக்கும் சரியா தெரியலம்மா” என்றார்.

மே 19, செவ்வாய்

இன்று ஒருவர். அறுபது வயதுக்கு மேல், கதிரியக்க மருந்து ஏற்றி இதயப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னார். அட்டையை வீட்டில் மறந்துவிட்டார். மருத்துவமனையில் போனை எடுக்க நேரமாயிற்று. “என் முகத்தைப் பாத்தா குண்டு வெக்கிறவன் மாதிரியா இருக்கு?” என்று போனில் கேட்டார். முகம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும்? முகத்தைப் பார்த்து விடுவதென்றால் கருவி எதற்கு, நான் எதற்கு?

ஐம்பது நிமிடம் பிடித்துவைத்தேன். அவர் சொன்னது உண்மைதான். ரயில் போய்விட்டது. தண்ணீர் மட்டும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கொடுக்கவைத்தேன். அதை இப்போது தனி விதியாகவே சேர்த்திருக்கிறோம்.

ஜூன் 2, செவ்வாய்

வாண்டு போனில் பேசினாள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாளாம், ஆனால் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறாளாம். மதியம் மூன்று மணிக்கு.

செப்டம்பர் 22, செவ்வாய்

பதினொன்று ஐந்துக்குப் போன். மூன்றாம் வாசல். பெண், அட்டை கையில் இருக்கிறது, கருவி அடிப்பதற்கு முன்பே தானாக வந்து அட்டையை நீட்டினார் என்றாள் அதே போலீஸ்காரப் பெண். அட்டை எண்ணைப் படித்தாள். எனக்கு அது மனப்பாடம்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கொஞ்சம் மருந்து கொடுப்பார்கள் என்று தெரியும். நகரத்துக்கு வந்து தங்கிப் போவாள் என்றும், என்னிடம் வரமாட்டாள் என்றும் தெரிந்துதான் இருந்தது.

உறவினரென்றால் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இல்லை. நான்தான் எழுதியிருக்க வேண்டும், தோன்றவேயில்லை. இன்னொருவரும் இல்லை. போனை அட்டை நீட்டியவரிடம் கொடுக்கச் சொன்னேன். பயணியிடமே நேராகக் கேட்க வேண்டும் என்பது விதி.

“வணக்கம். ஒருங்கிணைப்புப் பிரிவுல இருந்து பேசறேன். உங்க பேர் சொல்லுங்க.”

பெயரைச் சொன்னாள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, எதற்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நீங்க, வாங்க என்றே பேசிக்கொண்டோம்.

“ஆஸ்பத்திரியில கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். கொஞ்சம் உக்காருங்க. தண்ணி தருவாங்க.”

“குடுத்துட்டாங்க. கையிலயே குடுத்தாங்க. நீங்க கேட்டுட்டே சொல்லுங்க மேடம். அவசரமில்ல, பன்னெண்டரைக்குத்தான் ரயில்.”

மருத்துவமனையில் எடுக்க ஏழு நிமிடம், பதிவேடு பார்க்க நான்கு. அந்தப் பதினோரு நிமிடமும் அட்டவணைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விட்டுவிடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. இந்தமுறை சொல்லாமல் இருந்தது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன். அளவு பொருந்தியது. மறுபடி பேசினேன்.

“சரியா இருக்கு. நீங்க போகலாம்.”

“நன்றிங்க மேடம்” என்றாள். போன் கை மாறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல மெதுவாக, “சாப்பிட்டியாடி?” என்றாள்.

இன்னும் இல்லை என்றேன்.

பதிவேட்டில் பதினொன்று பதினெட்டு, விடுவிக்கப்பட்டார் என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், ‘எனக்குத் தெரிந்தவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.