மூன்றாவது தசம இடம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் உன் முதுகுவலி, சின்னவளின் பரீட்சை என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். காகிதத்தில் எழுதினால் நீ நடுவில் புகுந்து பேச்சை மாற்ற முடியாது பார், அதனால் இது.

ஜூனில் வழக்கமான கூட்டம். அணுக்கள் ஒழுங்கில்லாமல் அமைந்த பொருள்களைப் பற்றிப் பேச, கணிதக்காரர்கள் நாங்களும் இயற்பியல்காரர்கள் நீங்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே தலையாட்டும் அதே கூட்டம்தான். நீ எட்டு வருஷமாக வரவில்லை. டீ இடைவேளையில் "உங்க தம்பி எங்கே?" என்று கேட்காத ஆள் இல்லை. "துறைத் தலைவராயிட்டான், தலைக்கு மேல வேலை" என்று நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் முதல் நாள் பேச்சு என்னுடையது. எதைப் பற்றி என்பதுதான் விஷயம். ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவோடு ஒத்துப்போவதா, முரண்டு பிடிப்பதா என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்த காந்தம். உன் காந்தம். அதன் ஆற்றலுக்கு இருபத்தெட்டு வயதில் நீ எழுதிய சூத்திரத்தை மாணவர்கள் உன் பெயர் சொல்லித்தான் படிக்கிறார்கள். அதை நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. ஆறு வருஷம் மல்லுக்கட்டினேன். கடைசியில் நிரூபணமானது வேறு. காந்தம் நல்ல குளிரில் இருக்கும்போது உன் சூத்திரம் தப்பு. கொஞ்சம்தான் தப்பு, ஆனாலும் தப்பு.

வீட்டில் உன் மாமாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பதினான்கு பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு.

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் "இது வெளிப்படை" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வெளிப்படையாக இல்லை. நாங்கள் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தால் சட்டையைப் பிடிக்கும் நீங்கள், இப்படிக் குதிக்கலாமா?

கூட்டத்துக்கு நான் வரவில்லை. இங்கே ஆள் எடுக்கும் குழுவில் வேலை இருக்கிறது. பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 27

என் செல்லத் தம்பிக்கு,

மொட்டையாக "அக்கா" என்று ஆரம்பித்திருக்கிறாய். "அன்பான" என்ற சொல்லை அந்தக் குழு நீக்கிவிட்டதா?

ஒன்பதாம் பக்கம் நீ சொன்னது சரி. அந்த ஒரு வரிக்கு நான்கு பக்கம் பிடித்தது. ஓட்டை அடைபட்டுவிட்டது. அடைபடக் கூடாது என்று பாதி மனசு வேண்டிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு இப்படி ஆனதே இல்லை.

மாமா சொன்னார், "நிரூபணம் எங்கேயும் ஓடிப்போயிடாது. தம்பி உனக்கு ஒருத்தன்தான்." நியாயம்தான். உடம்பு சரியில்லை, பேச முடியாது என்று அமைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பிவிடுவேன். வேறு யாராவது பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கட்டும். உன் மனசை நோகடிக்கும் ஆள் நானாக இருக்க வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 9

அன்பான அக்காவுக்கு,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன் பதினான்கு பக்கம் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் போன கடிதம். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் சூத்திரத்தைச் சோதிக்க, அந்தக் காந்தத்தையே கணினியில் ஓட்டிப் பார்த்தேன். அதே குளிரில், மூன்றாவது தசம இடத்தில் கணக்கு உதைத்தது. சீட்டுக் குலுக்கும் நிரல் ஒழுங்காகக் குலுக்கவில்லை என்று அதன் மேல் பழியைப் போட்டு, வேறு நிரல் வைத்தேன். பிறகு இன்னொன்று, இன்னொன்று. நான்கும் அதே எண்ணில்தான் வந்து நின்றன. அப்புறமும் அந்த எண்களை ஓர் உறையில் போட்டு, மேலே "கணினிப் பிழை" என்று எழுதி அலமாரியில் பூட்டினேன். துறைத் தலைவர் பதவி அந்த மாதம்தான் வந்தது. ஓடி ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது. முதுகுவலியெல்லாம் சும்மா.

ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்காக நீ சாக்குச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது அக்கா. அந்த உறையை அனுப்புகிறேன். உன் பேச்சில் காட்டு. எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லிவிடு. நீ சொன்னால் தாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி

ஏப்ரல் 20

என் தம்பிக்கு,

உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எட்டு வருஷம்! என்னிடம் கூடவா? அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு உறையைப் பிரித்து எண்களைப் பார்த்தேன். திட்டு மறந்துபோனது.

உனக்கு இது தோன்றியதோ இல்லையோ, என் நிரூபணம் உன் சூத்திரம் தப்பு என்று மட்டும்தான் சொல்கிறது. சரியான எண் எது என்று அதற்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது என்று நினைத்திருந்தேன். அது உன் அலமாரியில், உன் கையெழுத்தில் இருந்திருக்கிறது.

அதை மேடையில் நான் வாசிக்க மாட்டேன். அமைப்பாளருக்கு எழுதினேன், பதிலும் வந்துவிட்டது. முதல் நாள் காலை முதல் பேச்சு உன்னுடையது. எங்கே சறுக்கினாய், என்ன கிடைத்தது, இரண்டையும் உன் வாயாலேயே சொல். ஏன் அப்படி என்பதை அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் சொல்கிறேன்.

மேடையில் பயமாக இருந்தால் முன் வரிசையைப் பார். நீ பேசி முடிக்கும் வரை நான் கணிதக்காரி இல்லை.

உன் அக்கா