பின்பக்கம் காட்டிய அம்பு

ஞாயிறு, இரவு.

மாப்பிள்ளையின் காரில் புதிதாக ஒரு கருவி. போலீசின் வேகம் பார்க்கும் ரேடார் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அம்புக்குறி காட்டும். முன்னால் காட்டினால் இவன் யோக்கியன். அடி அண்ணாமலை அருகே அம்பு பின்னால் திரும்பியதும் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

“மெதுவா போங்க மாப்ளே, கிரிவலம் போறவங்க நடக்கிறாங்க.”

“போலீசு பின்னாடிதான் இருக்கான் மாமா. முன்னாடி யாருமில்ல.”

வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் ஓரமாகப் பாய்ந்து விழுந்தாள். அவன் நிறுத்தவில்லை. அந்தக் கருவியைப் பிடுங்கி அவன் முகத்திலேயே எறிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையாம், மரியாதையாம்.

வீட்டு வாசலில் இறங்கி, “பாத்துப் போங்க மாப்ளே” என்றேன். பின் சீட்டில், ஏழு மாத வயிற்றை ஒரு கையாலும் முன் சீட்டை மறு கையாலும் பிடித்தபடி என் மகள் போனாள்.